சரவணம்பட்டி நீங்கலாக

செங்கோட்டுவேலனின் தலைக்குள் இருந்ததையெல்லாம் ஓர் இரும்புப் பெட்டிக்குள் இறக்கி முடிக்கப் பதினொரு நாட்கள் ஆயின. எழுபத்து மூன்று வருட வாழ்க்கைக்கு வெறும் பதினொரு நாள்தானா என்று அவருக்கு வருத்தம். பக்கத்துத் தெருப் பங்காளிக்கு ஒன்பதே நாளில் முடிந்துவிட்டது என்று கேள்விப்பட்ட பிறகுதான் மனம் ஆறினார்.

அறுபதைத் தாண்டியவர்கள் எல்லோரும் அப்போது செய்துகொண்டதுதான் அது. நெற்றியில் ஒரு பட்டையைக் கட்டிக்கொண்டு மதியம் ஒரு மணி நேரம் தூங்கினால் போதும், அன்றைய நினைவுகள் பதிவாகிவிடும். பிற்பாடு அடிபட்டோ ரத்தம் உறைந்தோ மூளையில் ஏதாவது அழிந்துபோனால், மருத்துவர்கள் பதிவிலிருந்து எடுத்துத் திரும்ப ஏற்றுவார்கள். ஊரில் பெரும்பாலானோர் தங்கள் பதிவை கிளவுடில் மாத வாடகைக்கு வைத்திருந்தார்கள். செங்கோட்டுவேலன் மட்டும் சொந்தமாக ஒரு சர்வர் வாங்கினார்.

"எங்க குடும்பத்துல இது வரைக்கும் ஒருத்தரும் வாடகைக்குக் குடியிருந்ததில்ல" என்று காரணம் சொன்னார்.

காங்கேயம் வீட்டில் ஏசி இருந்த ஒரே அறையில் சர்வர் குடியேறியது. அவரும் மனைவி சாந்தாமணியும் கூடத்துக்குப் பெயர்ந்து, மின்விசிறிக்கு அடியில் வியர்த்துக்கொண்டே கௌரவமாகப் படுத்தார்கள்.

சர்வரை அமைத்துக் கொடுக்கக் கோயம்புத்தூரிலிருந்து மெர்லின் என்ற பெண் வந்திருந்தாள். முப்பது வயதிருக்கும். காலணியை வாசலில் விட்டு, கையில் ஒரு டார்ச்சோடு அறையைச் சுற்றிப் பார்த்தவள் முதலில் கேட்டது இதுதான்.

"சார், ஏசிக்கு நேர் கீழ வெச்சிருக்கறீங்களே?"

"அம்மிணி, நான் மின்வாரியத்துல முப்பத்திரண்டு வருஷம் இருந்தவன்."

அந்த வாக்கியத்துக்குப் பிறகு அந்த வீட்டில் யாரும் எதையும் கேட்டதில்லை. மெர்லினும் கேட்கவில்லை. தரையில் சம்மணமிட்டு, கணினியைத் தொடைமேல் வைத்துக்கொண்டாள்.

"இப்ப பேக்கப் டாஸ்க் ஒண்ணு போடணுங்க."

"எதுக்கு? அதுதான் எல்லாம் பெட்டிக்குள்ள இருக்குதே."

"பெட்டிக்கு ஏதாச்சும் ஆயிருச்சுன்னா?"

"பெட்டிக்கு என்ன ஆகப்போகுது?"

"உங்களுக்கு என்னமோ ஆகும்னுதானே பெட்டி வாங்குனீங்க. அதே மாதிரிதானுங்க."

செங்கோட்டுவேலன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவள் ஒவ்வொன்றாகக் கேட்டாள். டாஸ்க்குக்கு ஒரு பெயர் வேண்டும். தன் பெயர், தகப்பனார் பெயர், பாட்டனார் பெயர், குலம், ஊர் என்று அவர் சொல்லிக்கொண்டே போக, பதினாறு எழுத்துக்குமேல் இயந்திரம் ஏற்காது என்றாள் அவள். பேரம் பேசி, கடைசியில் 'செங்கோடு-1' என்று முடிந்தது. ஒன்று என்ற எண்ணில் அவருக்குக் கொஞ்சம் திருப்தி. தினமும் எத்தனை மணிக்கு ஓட வேண்டும்? மதியம் மூன்று. முதல் நாள் முழுவதையும் நகல் எடுக்கும், அப்புறம் அன்றன்றைக்குப் புதிதாகச் சேர்ந்ததை மட்டும் எடுக்கும். ஓடாமல் நின்றுபோனால் யாருக்குத் தகவல் போக வேண்டும்?

"எனக்குத்தான். இந்த வீட்ல வேற யாருக்குப் போகும்?"

"உங்களுக்கு முடியாமப் போனப்ப உங்களுக்கே தகவல் வந்து என்னங்க சார் பிரயோசனம்?"

சமையலறையில் சாந்தாமணி இருமினாள். அது சிரிப்பை மறைக்கிற இருமல் என்று நாற்பத்தைந்து வருடத்தில் அவருக்குத் தெரிந்திருந்தது. தகவல் அவள் எண்ணுக்குப் போகட்டும் என்று பெரிய மனதோடு விட்டுக்கொடுத்தார்.

"கடைசியா ஒண்ணுங்க. நகல் இருக்கிற பெட்டி இந்த வீட்ல இருக்கக் கூடாது. தீப்பிடிச்சா ரெண்டும் சேந்து போயிரும். வேற வீட்ல வெக்கணும். அங்கருந்து லைன் வழியா தானா எடுத்துக்கும்."

"பங்காளிக வீட்ல வெக்கறதா? தொறந்து படிச்சுட்டுத்தான் மறுவேலை பாப்பானுக."

"பூட்டு இருக்குதுங்க சார். சாவி உங்ககிட்டத்தான்."

"பூட்டுனது தெரிஞ்சா அப்பறம் சும்மா இருப்பானுகளா?"

சாந்தாமணி ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு நிலைப்படியில் வந்து நின்றாள்.

"பிரகதி வீட்ல வெக்கலாமுங்க."

செங்கோட்டுவேலன் நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார்.

பிரகதி அவர்களுடைய ஒரே மகள். கோயம்புத்தூர் சரவணம்பட்டியில் இருந்தாள். ஆறு வருடத்துக்கு முன் அங்கே அவளும் மாப்பிள்ளையும் வீடு கட்டிப் புகுந்தபோது, செங்கோட்டுவேலனைப் போனில் அழைத்தார்கள். மகள் அப்போது ஏழு மாதக் கர்ப்பிணி. படுக்கையை விட்டு எழக்கூடாது என்று மருத்துவர் சொல்லியிருந்தார். மாப்பிள்ளைக்குக் கப்பலில் வேலை, நடுக்கடலில் இருந்தார். இதெல்லாம் செங்கோட்டுவேலனுக்கும் தெரியும். இருந்தாலும் ஒரு விசேஷத்துக்கு நேரில் வந்து, வெற்றிலை பாக்குத் தட்டு வைத்து அழைத்தால்தான் அழைப்பு. போனில் வந்தது தகவல்தானே தவிர அழைப்பில்லை. தகவல் கிடைத்தது என்று பதில் சொல்லிவிட்டு வீட்டிலேயே இருந்துகொண்டார். வளைகாப்புக்கும் போகவில்லை, பேத்தி பிறந்ததற்கும் போகவில்லை. அவர் ஒன்று பிடித்தால் விடமாட்டார் என்று ஊரில் பெயர். அந்தப் பெயரைக் காப்பாற்றுவதற்கே ஆறு வருடம் சரியாக இருந்தது. சாந்தாமணி மட்டும் மாதம் ஒருமுறை மருதமலைக்குப் போவதாகச் சொல்லி பஸ் ஏறுவாள். மருதமலைப் பிரசாதம் ஏன் எப்போதும் பிரகதி செய்கிற ஒப்பிட்டுப் போளி மாதிரியே இருக்கிறது என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை.

"பங்காளிக்கு அவ பரவால்ல" என்றார் செங்கோட்டுவேலன் கடைசியில். "ஆனா ஒண்ணு. அந்தப் பெட்டிக்குள்ள எல்லாம் போகக் கூடாது."

அதற்கும் வழி இருந்தது. சர்வர் அவருடைய நினைவுகளைத் தலைப்புத் தலைப்பாகப் பிரித்து வைத்திருந்தது. வேண்டாத தலைப்பை டிக் செய்தால் நகலில் அது விடுபட்டுவிடும். மெர்லின் கணினியை அவர் பக்கம் திருப்பிவைத்துவிட்டு நாகரிகமாக ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். செங்கோட்டுவேலன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். பதவி உயர்வுத் தேர்வில் இரண்டுமுறை தோற்றது. டிக். ஈரோட்டில் தவறான மண்டபத்துக்குள் போய், முதல் பந்தியில் உட்கார்ந்து, மாப்பிள்ளையின் சித்தப்பாவிடம் சாம்பார் சரியில்லை என்று கோபித்துக்கொண்டது. டிக். கல்லூரியில் ஒரு பெண்ணுக்கு 'பார்வை' 'பொருள்' எல்லாம் போட்டு அரசாங்கக் கடிதம் போலவே காதல் கடிதம் எழுதியதும், அவள் அதில் பிழை திருத்தித் திருப்பி அனுப்பியதும். இரண்டு டிக். பாராட்டு விழா மேடையில் பல்செட் மைக்கில் இடித்தது. டிக்.

வீடு புகுவிழாத் தலைப்பு வந்தபோது அதை அப்படியே விட்டார். அதில் நியாயம் அவர் பக்கம்.

"ஒரு தலைப்ப நீக்கினா, அதோட ஒட்டுனது எல்லாமே போயிருமுங்க. இனிமே வரப்போறதும் சேத்தி" என்றாள் மெர்லின்.

"போகட்டும். மூலம் இங்கதானே இருக்குது."

நகல் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, மறு வாரம் அவரே சரவணம்பட்டிக்குப் போனார். காலையில் போனவர் மதியம் திரும்பிவிட்டார். "வெச்சாச்சு" என்று மட்டும் சொன்னார். அங்கே என்ன பேசினார் என்பதைச் சொல்லவில்லை. ஆனால் மறுநாள் மெர்லினுக்குப் போன் செய்து, முந்தின நாள் புதிதாக முளைத்திருந்த இன்னொரு தலைப்பையும் நீக்க வேண்டிய பட்டியலில் சேர்க்கச் சொன்னார். சரவணம்பட்டி. காரணம் எழுதும் கட்டத்தில் அவரே தட்டச்சு செய்தார்: 'மானம் போன நாள்.' அந்த நாளின் நகல் அந்த வீட்டிலேயே உட்கார்ந்திருப்பதை அவரால் சகிக்க முடியவில்லை.

அடுத்த ஞாயிறு பிரகதி காங்கேயம் வந்தாள், ஐந்து வயது ஆதிரையோடு. அதற்கடுத்த ஞாயிறும் வந்தாள். பதினான்கு ஞாயிறுகள் வந்தாள். அந்த ஞாயிறுகளில் நடந்ததெல்லாம் மதிய உறக்கத்தில் பட்டை வழியாக ஏசி அறை சர்வருக்குப் போய்ச் சேர்ந்தது. மூன்று மணிக்கு 'செங்கோடு-1' ஓடும்போது, சரவணம்பட்டியோடு ஒட்டியவை என்று அவற்றை எல்லாம் ஒழுங்காகத் தள்ளிவைத்தது. சொன்னதைச் சொன்னபடி செய்கிற வேலையாள், அந்த வீட்டில் அது ஒன்றுதான்.

ஐப்பசியில் ஒரு காலை, ஏசியிலிருந்து தண்ணீர் சொட்டியது. நேர் கீழே சர்வர். கருகிய வாடை வர, செங்கோட்டுவேலன் அறைக்குள் ஓடினார். சொட்டிய தண்ணீர் தரையிலும் இருந்தது. சர்வரும் அவரும் ஒரே நிமிடத்தில் போனார்கள். சர்வர் புகைந்து, அவர் வழுக்கிப் பின்மண்டை அடிபட்டு.

சர்வர் திரும்பவில்லை. அவர் திரும்பினார். கோவையில் ஒரு மருத்துவமனையில் அறுவை சிகிச்சை நடந்தது. சரவணம்பட்டிப் பெட்டியைக் கொண்டுவந்து, அதிலிருந்து அவரை அவருக்குள் ஏற்றினார்கள். பன்னிரண்டாம் நாள் அவர் கண் விழித்தபோது, கட்டிலோரம் ஒரு பெண் கிண்ணத்தில் கஞ்சியோடு உட்கார்ந்திருந்தாள்.

பிரகதி. ஆறு வருடமாகப் பேசாத மகள். அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

"இவள யாரு கூப்பிட்டது?"

கரண்டி கிண்ணத்தில் தட்டியது. அந்த நேரம் கட்டிலின் கால்மாட்டிலிருந்து ஒரு சின்ன உருவம் அவர்மேல் ஏறி, மீசையைப் பிடித்தது.

"தாத்தா எந்திரிச்சாச்சு."

"யாரு இந்தப் புள்ள? எறக்கி விடுங்க."

ஆதிரை முதலில் அதை விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தாள். பிறகு அவர் கண்ணைப் பார்த்தாள். மெல்ல இறங்கி, அம்மாவின் சுடிதாருக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். பிரகதி கிண்ணத்தை மேசைமேல் வைத்துவிட்டு, மகளைத் தூக்கிக்கொண்டு வெளியே போனாள்.

வீடு திரும்பிய பிறகுதான் தன் நினைவில் ஏதோ இடிப்பது அவருக்குத் தெரிந்தது. சனிக்கிழமை இருந்தது, திங்கட்கிழமை இருந்தது. நடுவில் ஒன்றும் இல்லை. ஆடி, ஆவணி, புரட்டாசி முழுக்க இப்படித்தான். மற்ற நாட்களில் என்ன காய் பொரித்தார்கள் என்பதுவரை ஞாபகம் இருந்தது.

சாந்தாமணி தன் போனை எடுத்து ஒரு படத்தைக் காட்டினாள். கூடத்தில், நாற்காலியில், மீசையின் இரு நுனியிலும் சிவப்பு ரிப்பன் முடிந்து, புருவத்தில் பட்டாம்பூச்சி கிளிப் குத்தி, ஒரு கிழவன் பல்செட் இல்லாமல் சிரித்துக்கொண்டிருந்தான்.

"யாரு இந்தக் கோமாளி?"

"நீங்கதானுங்க."

அவர் போனைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தார், கிட்டே கொண்டுவந்து பார்த்தார். சட்டை அவருடையதுதான்.

"மெர்லினைக் கூப்புடு."

மெர்லின் வந்தாள். பழைய சர்வரை அவிழ்த்துப் பார்த்துத் தலையாட்டினாள். அதிலிருந்து எதையும் மீட்க முடியாது. பிறகு டாஸ்க்கின் அறிக்கையைத் திறந்து அவரிடம் கொடுத்தாள். நீக்கப்பட்டவை என்ற பட்டியலின் கடைசி வரியை அவர் வாய்விட்டுப் படித்தார்.

"சரவணம்பட்டி. காரணம், மானம் போன நாள். யாரு எழுதுனது இத?"

"நீங்களேதானுங்க. உங்க கைரேகை வெச்சுத்தான் சேவ் பண்ணியிருக்குது."

"நான் எதுக்கு அங்க போறேன்?"

மெர்லின் சாந்தாமணியைப் பார்த்தாள். சாந்தாமணி அவரைக்காய் அரிந்துகொண்டிருந்தாள். தலை நிமிராமலே சொன்னாள்.

"மன்னிப்புக் கேக்கத்தான் போனீங்க."

"நானா?"

"பெட்டி வெக்கற சாக்குல போனீங்க. வாசல்லயே நின்னு, அந்த விசேஷத்துக்கு வந்திருக்கணும், வரல, தப்பு என்னுதுன்னு சொன்னீங்க. புள்ளைக்கு நீங்க செய்யாம விட்டதெல்லாம் ஒண்ணொண்ணா சொல்லிச் சொல்லி வருத்தப்பட்டீங்களாம்."

"நீ பாத்தியா?"

"நான் எங்க வந்தேன்? நீங்கதான் வந்து சொன்னீங்க. சித்த அழுதேன்னும் சொன்னீங்க."

"அழுதேனா?"

"நெம்ப இல்லீங்க. சித்தத்தான்."

செங்கோட்டுவேலன் நிலைகொள்ளாமல் கூடத்தில் நடந்தார். தன் பெயரையும் சட்டையையும் போட்டுக்கொண்டு, தனக்குத் தெரியாமல் எவனோ ஒருவன் இப்படிக் குடும்ப மானத்தை வாசலில் கொட்டிவிட்டு வந்திருக்கிறான். அவனைக் கூப்பிட்டு நாலு வார்த்தை கேட்கலாம் என்றால், கேட்கவும் ஆள் இல்லை. கோபம் இரண்டு நாள் இருந்தது. மூன்றாம் நாள், அது கோபமாகவே இல்லை என்று தெரிந்தபோது அவருக்கே சங்கடமாகிவிட்டது. அந்த ஆளுக்குப் பதினான்கு ஞாயிறுகள் கிடைத்திருக்கின்றன. மீசையில் ரிப்பன் கட்ட ஒரு குழந்தை கிடைத்திருக்கிறது. அனுபவித்துவிட்டுப் போய்விட்டான், மகராசன். மிச்சம் இருப்பவனுக்குக் கௌரவம் ஒன்றைத்தான் விட்டுப்போயிருக்கிறான்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. யாரும் வரவில்லை. சாந்தாமணி போன் பேசுவது காதில் விழுந்தது. "அவ பயந்துக்கறாளா? சரி கண்ணு. மெதுவா வா. அவசரமில்ல." அடுத்த ஞாயிறும் யாரும் வரவில்லை. அவர் காலையிலேயே மழித்துக் குளித்து, இஸ்திரி போட்ட சட்டையோடு, வாசலைப் பார்க்காதது போலச் செய்தித்தாளை விரித்துக்கொண்டு பகல் முழுக்க உட்கார்ந்திருந்தார். ஒரே பக்கத்தை.

திங்கட்கிழமை சாந்தாமணியிடம் சொன்னார். "அந்த ஆளால முடிஞ்சது என்னால முடியாதா?"

"எந்த ஆளுங்க?"

"அதான், பழைய ஆளு. அவன் ஒருக்கா செஞ்சத நான் மறுக்கா செஞ்சா என்ன? நம்ம குடும்பத்துல ரெண்டாவது ஆளு மொத ஆளவிடக் கொறஞ்சவன்னு பேரு வரக் கூடாது."

"நெம்ப சரிங்க" என்றாள் சாந்தாமணி.

ஓட்டுநரில்லாத வாடகைக் காரில் போனார். வழியெல்லாம் ஒத்திகை பார்த்தார். பல்லடம் தாண்டும்போது, "நான் செஞ்சது தப்புத்தான்" என்று கொஞ்சம் உரக்கச் சொல்லிவிட, கார், "பரவாயில்லை ஐயா, சீட் பெல்ட் மட்டும் போட்டுக்கொள்ளுங்கள்" என்றது. இயந்திரத்திடம் ஒருமுறை கேட்டாகிவிட்டது, இனி சுலபம் என்று நினைத்துக்கொண்டார். சுலபமாக இல்லை. சரவணம்பட்டியில் கதவு திறந்து பிரகதி நின்றபோது, ஒத்திகை பார்த்தது எதுவும் வாய்க்கு வரவில்லை.

"அப்பா? உள்ள வாங்க."

"இல்ல. இங்கயே சொல்லிப்போடறேன்."

அவர் கைத்தடியைச் சுவரில் சாய்த்தார். அது வழுக்கி விழுந்தது. எடுக்கவில்லை.

"நீ எந்திரிக்க முடியாமப் படுத்திருந்தே. போன் பண்ணித்தான் கூப்புட முடியும்னு எனக்கு அன்னைக்கே தெரியும் கண்ணு. தெரிஞ்சேதான் வரல. வரலன்னதும் நீ அழுவேன்னும் தெரியும். அப்பறம் வரலாம்னு நெனச்சப்ப, இத்தன நாள் வராதவன் இப்ப எப்படி வர்றதுன்னு ஒரு இது. வளைகாப்புக்கு வரல. புள்ள பொறந்தப்ப, ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் வந்துட்டுத் திரும்பிப் போனேன். அது உங்கம்மாவுக்கும் தெரியாது. தப்பு என்னுதுதான். முழுசா என்னுது. என்னைய மன்னிச்சுக்கோ."

பிரகதி கதவைப் பிடித்தபடி நின்றாள். உள்ளேயிருந்து ஆதிரை எட்டிப் பார்த்து, உடனே மறைந்தாள். செங்கோட்டுவேலனுக்குக் கண்ணில் ஏதோ வந்தது. சாந்தாமணி சொன்ன அளவுக்குமேல் ஆகிவிடக்கூடாதே என்று துண்டால் துடைத்துக்கொண்டார். துடைக்கத் துடைக்க வந்தது.

"போன தடவ இவ்வளவு அழுகலயாம் நானு" என்றார் மன்னிப்புக் கேட்கிற குரலிலேயே. "இப்பத்தான் கொஞ்சம் கூடிருச்சு."

"போன தடவையா?"

"ஆமா. மொதல்ல வந்தப்ப. இதையேதானே சொன்னேன்?"

பிரகதி அவரை ஒரு கணம் பார்த்தாள். அவளுக்கும் கண் நிறைந்திருந்தது. ஆனால் உதட்டோரம் வேறு என்னவோ தொடங்கியிருந்தது.

"போன தடவ நீங்க வந்து, 'ப்ளக் பாயின்ட் எங்க இருக்குது'ன்னு கேட்டீங்கப்பா."

"அப்பறம்?"

"காட்டுனேன். பெட்டிய மாட்டுனீங்க. குடிக்கத் தண்ணி கேட்டீங்க. குடிச்சுட்டு, போறேன்னு சொல்லிட்டுப் போயிட்டீங்க."

"அவ்வளவுதானா?"

"நீங்க எங்க வீட்ல தண்ணி கேட்டு வாங்கிக் குடிச்சதே எனக்குப் பெருசா இருந்துச்சு. அதான் அடுத்த வாரமே ஓடி வந்தேன்."

ஒரு டம்ளர் தண்ணீர். அதற்குத்தான் அந்த ஆள், அந்தக் கிழட்டு மடையன், மானம் போன நாள் என்று பெயர் வைத்து, பேத்தியையும் பதினான்கு ஞாயிறுகளையும் சேர்த்து நீக்கியிருக்கிறான். செங்கோட்டுவேலன் நடையில் கிடந்த நாற்காலியில் உட்கார்ந்தார். ஆதிரை இப்போது கதவுக்கு இந்தப் பக்கம் வந்திருந்தாள். இரண்டடி தள்ளி நின்று, அவர் மீசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் அசையாமல் இருந்தார்.

சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து வீட்டுக்கு அடித்தார்.

"போயிச் சேந்துட்டீங்களா?" என்றாள் சாந்தாமணி.

"சேந்துட்டேன். ஏம்மா, போன தடவ நான் இங்க வந்து என்ன சொன்னேன்னு எங்கிட்டச் சொன்னே?"

அந்தப் பக்கம் குக்கர் ஒரு விசில் அடித்தது.

"எனக்கு எங்கீங்க ஞாபகம் இருக்குது" என்றாள் அவள். "எனக்கென்ன, பேக்கப் போட்டா வெச்சிருக்கறீங்க?"